கல்யாண லீவில் ஐரோப்பிய விசா: சென்னையில் என்ன நடக்கிறது

ஐந்து வார லீவில் ஊருக்கு வந்து, தாலி கட்டி, பதிவு செய்து, விசா வாங்கி, இருவராகத் திரும்பிவிடலாம் என்று ஐரோப்பாவில் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் பலர் கணக்குப் போடுகிறார்கள். சிலருக்குக் கணக்கு சரியாக வருகிறது, சிலருக்கு ஒரு வருடம் இழுக்கிறது. இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட், குடியிருப்பது எந்த நாட்டில், இரண்டும் ஒன்றா வேறா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஒரே மாடிக் கட்டடத்தில் இரண்டு தமிழர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் ஜெர்மன் பாஸ்போர்ட், மற்றவரிடம் டச்சுப் பாஸ்போர்ட். இருவரும் தஞ்சாவூரில் பெண் எடுக்கிறார்கள். ஜெர்மன் பாஸ்போர்ட்காரரின் மனைவி ஜெர்மனியின் உள்நாட்டுச் சட்டப்படி விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் தேர்வில் தேறிய சான்றிதழ் இல்லாமல் அந்தக் கோப்பு நகராது. டச்சுப் பாஸ்போர்ட்காரரின் மனைவிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 என்ற ஆணை பொருந்தும். மொழித் தேர்வும் விசாக் கட்டணமும் கிடையாது, கோப்பை விரைவு முறையில் முடித்துத் தர வேண்டும். சொந்தக் குடிமகனுக்குக் கடினமான வழி, பக்கத்து நாட்டுக்காரனுக்கு எளிய வழியா என்று கேட்கத் தோன்றும். காரணம், அந்த ஆணையின் 3ஆவது பிரிவு தன் நாட்டை விட்டு வேறொரு உறுப்பு நாட்டுக்குப் போகிறவரையும் அங்கே வாழ்கிறவரையும் மட்டுமே காக்கிறது. தன் நாட்டிலேயே இருப்பவரை அந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிடுகிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு அங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்திய மனைவியோடு பாரிஸ் போனால் அது பிரெஞ்சுச் சட்டத்தின் விஷயம். அதே ஜோடி ரோமைச் சுற்றிப் பார்க்க இத்தாலி விசா கேட்டால் 2004/38 வந்துவிடும்.

நார்வே பாஸ்போர்ட்டும் இதில் சேரும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் சேராது. 2021 ஜனவரி 1 முதல் லண்டன்காரரின் மனைவி மற்ற எந்த இந்தியரையும் போலவே ஷெங்கன், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, வரிசையில் நிற்க வேண்டும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதன் இடைக்காலம் முடிந்த 2020 டிசம்பர் 31க்குள் உறுப்பு நாடு ஒன்றில் குடியேறியவர்களுக்கு மட்டும் விலகல் ஒப்பந்தத்தில் தனி ஏற்பாடு உண்டு.

பாதையைத் தெரிந்துகொண்டபின் ஊரில் முதல் வேலை சார்பதிவாளர் ஆபீஸ். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணமும் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும். அவகாசம் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டால் லீவு போய்விடும். மண்டபத்திலோ கோயிலிலோ இந்து முறைப்படி நடந்த கல்யாணம் என்றால் பத்திரிகை, கல்யாண ஃபோட்டோ, வயதுக்கும் முகவரிக்கும் சான்று, சாட்சிகள் என்று எல்லாம் கையில் இருந்தால் சீக்கிரம் முடியும். இருவரும் வெவ்வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அங்கே நோட்டீஸ் ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும், அதற்கு முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். வந்திறங்கிய அன்றே நோட்டீஸ் கொடுத்தாலும் ஐந்து வாரத்தில் மிஞ்சுவது ஐந்து நாள். அதற்குள் விசா நடக்காது. இந்த வழியில் போகிறவர்கள் கல்யாணத்துக்கு ஒரு பயணம், மனைவியை அழைத்துப்போக ஒன்று என்று இரண்டாகத் திட்டமிடுவது நல்லது.

கோப்புகள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில். நம் ஊரில் 'செ. முருகன்' என்றால் எல்லோருக்கும் புரியும். ஐரோப்பியப் பாஸ்போர்ட்டில் அவர் 'முருகன் செல்வராஜ்' என்றோ, அப்பா பெயரே குடும்பப் பெயராகி 'செல்வராஜ், முருகன்' என்றோ இருப்பார். கல்யாணச் சான்றிதழில் 'எஸ். முருகன்' என்று வந்துவிட்டால், வெளிநாட்டு அதிகாரியின் கண்ணுக்கு இது வேறு ஆள். சார்பதிவாளர் ஆபீஸில் விண்ணப்பம் தட்டச்சு செய்யும்போதே இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக அதேபோல ஏற்றச் சொல்லுங்கள். இனிஷியல் வேண்டாம், முழுப்பெயர் போதும். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தால் பத்து நிமிடம் போகும். பதிவான பிறகு திருத்தம் கேட்டுப் போனால் வாரக்கணக்கில் போகும். மனைவியின் பாஸ்போர்ட்டில் உடனே கணவர் பெயரை ஏற்றிவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். விசாவுக்கு அது தேவையே இல்லை. பழைய பெயரிலேயே பாஸ்போர்ட் இருக்கட்டும், உறவைக் காட்டச் சான்றிதழ் போதும்.

அடுத்தது அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் முத்திரை. மாநில அரசின் சான்றொப்பம் முதலில், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை பிறகு. அமைச்சகம் ஓர் ஆவணத்துக்கு வாங்கும் கட்டணம் 50 ரூபாய்தான். அலைச்சல் இல்லாமல் முடித்துத் தருகிறோம் என்று ஏஜென்டுகள் கேட்பது ஆயிரங்களில். பணத்தை எடுக்கும் முன் எந்த நாட்டுக்கு என்று பாருங்கள். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது, அதனால் இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லாது. டுசல்டோர்ஃப் போகிறவர் அதற்குச் செலவழிப்பது வீண். நெதர்லாந்துக்கும் பிரான்சுக்கும் போகிறவருக்கு அது உதவும்.

விண்ணப்ப மையத்தில் பிரச்சினை வேறு மாதிரி. தூதரகங்களுக்காக விண்ணப்பம் வாங்கும் தனியார் மையங்களின் அப்பாயிண்ட்மென்ட் பட்டியலில் 'டூரிஸ்ட்', 'பிசினஸ்', 'நண்பர் உறவினர் வருகை' என்று இருக்கும். ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தினர் என்ற பிரிவு பல சமயம் உள்ளே எங்கோ ஒளிந்திருக்கும். அவசரத்தில் 'டூரிஸ்ட்' என்று அழுத்தினால் கவுன்டரில் இருப்பவர் டூரிஸ்ட் பட்டியலை எடுத்து வைத்து ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, ஹோட்டல் புக்கிங், ஆபீஸ் லீவு லெட்டர், மருத்துவக் காப்பீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவர் மேல் தவறில்லை, அவருக்குக் கொடுத்த பட்டியல் அது. ஆனால் இந்த வகை விண்ணப்பத்துக்கு இதில் எதுவும் தேவையில்லை. மனைவியின் பாஸ்போர்ட், உறவுக்குச் சான்று, கணவர் ஒன்றியக் குடிமகன் என்பதற்கும் அவரோடு போகிறார் அல்லது அவரிடம் போய்ச் சேர்கிறார் என்பதற்கும் சான்று, இவ்வளவே அடிப்படை.

ஷெங்கன் விண்ணப்பப் படிவமே இதைச் சொல்கிறது. 17ஆவது கட்டத்தில் ஒன்றியக் குடிமகனான குடும்ப உறுப்பினரின் விவரம், 18ஆவதில் உறவு முறை. நட்சத்திரக் குறி போட்ட 21, 22, 30, 31, 32 ஆகிய கட்டங்களை இந்த வகையினர் நிரப்ப வேண்டாம். வேலை, முதலாளி, அழைப்பவர், பயணச் செலவு எல்லாம் அந்தக் கட்டங்களில்தான் வருகின்றன. 17, 18ஐ நிரப்பி அவற்றைக் காலியாக விட்ட படிவத்தைப் பார்த்தாலே கோப்பு எந்த வகை என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் எழுதி வைத்தால் நல்லதுதானே என்று சிலர் நிரப்பிவிடுகிறார்கள். அதோடு டூரிஸ்ட் ஆகிவிடுகிறார்கள்.

கோப்பின் மேலே கணவரின் அரைப் பக்கக் கடிதம் ஒன்று இருக்கட்டும். தன் பெயர், பாஸ்போர்ட் எண், எந்த நாட்டில் எந்த முகவரியில் இருக்கிறார், மனைவி எந்தத் தேதியில் தன்னோடு வருகிறார் அல்லது எங்கே வந்து சேர்கிறார், 2004/38 ஆணையின் 5ஆவது பிரிவின் கீழ் விசா கேட்கிறோம் என்பது போதும். மூன்று மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர் என்றால் கணவரின் முகவரிப் பதிவுச் சான்றும் வேலை ஒப்பந்தமும் சேர்த்து வையுங்கள். மனைவி தனியாக முன்னால் போவதற்கு இந்த விசா கிடைக்காது. கணவர் முன்னால் போயிருக்கலாம், கூடவே போகலாம்.

கணவர் ஊரில் இருக்கும்போதே இருவருமாகக் கவுன்டருக்குப் போவது நல்லது. அசல் ஐரோப்பியப் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிக் கேள்வி அங்கேயே அடங்கிவிடும். அவர் திரும்பிப் போனபின் வண்ண ஜெராக்ஸை வைத்துக்கொண்டு மனைவி மட்டும் நின்றால் அதே கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். அதனால்தான் கல்யாணம் லீவின் முதல் வாரத்தில் இருக்க வேண்டும் என்பது. முகூர்த்தம் அதற்கு ஒத்துவர வேண்டுமே என்பது வேறு கதை.

பணம் விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். விசாக் கட்டணம், அதாவது மற்றவர்கள் 2024 ஜூனிலிருந்து கட்டும் 90 யூரோ, இந்த வகையினருக்கு இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் வேறு. மையத்தின் வழியாகப் போனால் அதைக் கேட்பார்கள். தூதரகத்திலேயே நேராக விண்ணப்பிக்கும் உரிமை இந்தக் குடும்பத்தினருக்கு உண்டு, அங்கே எந்தக் கட்டணமும் இல்லை. உரிமை உண்டு என்றாலும் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி நாள் வாங்கப் பொறுமை வேண்டும். மையத்தில் நாளைக்கே இடம் இருந்து, தூதரகத்தில் மூன்று வாரம் கழித்துத்தான் என்றால், சேவைக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போவதே லீவுக்காரருக்கு லாபம். எஸ்எம்எஸ், கூரியர், சொகுசு அறை, அங்கேயே எடுக்கும் ஃபோட்டோ எல்லாம் கூடுதல் காசு. 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் ஆறு மாதத்துக்குள் எடுத்த படத்தை வெளியிலிருந்தே கொண்டுபோங்கள். சாதாரண விண்ணப்பத்துக்கே 15 நாள்தான் பொதுக் கெடு. விரைவு முறை என்றால் அதை விடக் குறைய வேண்டும். ஏப்ரல், மே கூட்டத்தில் இதைச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

மறுக்க அவர்களுக்கு இருக்கும் காரணங்கள் சில மட்டுமே: பொது ஒழுங்கு, பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், போலித் திருமணம். 'திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை இல்லை' என்ற வழக்கமான வரி இங்கே செல்லாது. மறுப்பு எழுத்தில் காரணத்தோடு வர வேண்டும், மேல்முறையீட்டுக்கு எங்கே போக வேண்டும் என்றும் அதில் இருக்க வேண்டும். 'கல்யாணம் இந்தியாவில் நடந்ததே, மனைவி இதற்கு முன் ஐரோப்பாவில் இருந்ததே இல்லையே' என்று யாராவது ஆரம்பித்தால், 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் மெட்டாக் வழக்கில் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. கல்யாணம் எங்கே, எப்போது நடந்தது என்பது முக்கியமில்லை. தூதரகம் பதில் சொல்லாமல் இழுத்தால் ஒன்றியத்தின் சால்விட் என்ற இலவச உதவி மையம் இருக்கிறது. கணவர் இணையத்தில் புகார் பதிந்தால் அந்த நாட்டு அரசிடமே அவர்கள் கேட்பார்கள்.

ஜெர்மன் பாஸ்போர்ட்காரருக்கு ஒரு பக்கவழி உண்டு. 1992இல் சுரிந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கில் வந்த தீர்ப்பு அது. மனைவியோடு வேறொரு உறுப்பு நாட்டில் மூன்று மாதத்துக்குக் குறையாமல் உண்மையாகவே குடியிருந்துவிட்டு, சொந்த நாட்டுக்குத் திரும்பினால் ஒன்றியச் சட்டத்தின் பாதுகாப்பு கூடவே வரும். வாரக் கடைசியில் போய்த் தங்கிய ஹோட்டல் ரசீதெல்லாம் இதற்கு உதவாது.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் மையத்தை விட்டு வெளியே வரும் முன் விசா ஸ்டிக்கரில் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகளைச் சரிபாருங்கள். விமானத்தில் கல்யாணச் சான்றிதழ் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம். தங்கப் போகிறவர் இறங்கிய மூன்று மாதத்துக்குள் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். விண்ணப்பித்ததற்கான சான்றை அன்றே தர வேண்டும், அட்டை ஆறு மாதத்துக்குள் வர வேண்டும், பொதுவாக ஐந்து வருடம் செல்லும். அட்டை வந்ததும் அதன் தலைப்பைப் படியுங்கள். 'ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர்' என்ற வகை அட்டையாக இருந்தால் கணவரோடு அயர்லாந்து போகக்கூட விசா வேண்டாம். அவசரத்தில் அலுவலகம் சாதாரணக் குடியிருப்பு அனுமதியை அச்சடித்துக் கொடுத்துவிட்டால் அந்தச் சலுகை கிடைக்காது, மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.