பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஏபிஆர்எஸ்: நெடுநாள் ஓட்டத்தில் தெரிந்தவை

கோவையிலிருந்து பல்லடம், தாராபுரம் வழியாகக் கரூர் வரை பெரும்பாலும் சமவெளிதான். அப்படியிருந்தும் காரில் ஏபிஆர்எஸ் டிராக்கர் (இருக்குமிடத்தை ஹாம் எனும் அமெச்சூர் வானொலியில் பாக்கெட் என்ற சிறு டேட்டாப் பொட்டலங்களாக அனுப்பும் கருவி) வைத்து ஓட்டினால் வரைபடத்தில் கோடு துண்டு துண்டாக விழுகிறது. உடனே டிராக்கரை மாற்றுகிறார்கள், வாட்டைக் கூட்டுகிறார்கள், பாக்கெட் நிலையம் நிலையமாகத் தாவும் பாதையை நீட்டுகிறார்கள். கோடு அப்படியேதான் இருக்கிறது. குறை அனுப்பும் இடத்தில் இல்லை. கேட்கும் காது தாழ்வாக இருக்கிறது.

கணக்கு எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். மொட்டை மாடியில் 9 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு 12 கிலோமீட்டர், காரின் கூரை ஆன்டெனாவுக்கு 5. இரண்டையும் கூட்டினால் 17. அதற்குமேல் கிடைப்பது அதிர்ஷ்டம். அதே ஆன்டெனா சமவெளியிலிருந்து 400 மீட்டர் உயர்ந்த குன்றில் நின்றால் 82 கிலோமீட்டர். அதனால் கையில் உள்ள பணத்தில் பெரும்பங்கு முதலில் ஐகேட்டுக்கும் (பாக்கெட்டைக் கேட்டு இணையத்தில் சேர்க்கும் நிலையம்) அதன் உயரத்துக்கும் போகட்டும். டிராக்கர் பிறகு.

உயரம் வேண்டும் என்பதற்காக நீலகிரி உச்சிக்கு ஏறிவிடவும் கூடாது. தொட்டபெட்டா உயரத்தில் ஒரு டிஜிபீட்டர் (கேட்ட பாக்கெட்டைத் திரும்ப அனுப்பும் நிலையம்) வைத்தால் கோவைப் பக்கமும் மைசூர்ப் பக்கமும் அதற்கு ஒன்றாகக் கேட்கும். கீழே உள்ளவர்களுக்கோ ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. அலைவரிசை காலியாக இருக்கிறது என்று நினைத்து இருவரும் ஒரே நொடியில் அனுப்புவார்கள், மேலே இரண்டும் மோதிச் சிதறும். சென்னிமலை, சிவன்மலை போன்ற நடுத்தர உயரக் குன்றுகளை ஒட்டி நாலைந்து நிலையங்கள் இருப்பது ஒரே ஒரு சிகர நிலையத்தைவிட மேல் என்பது எங்கள் திடமான கருத்து.

ஐகேட்டுக்கு ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினி, ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் ரேடியோ வாங்கி), பாக்கெட்டைப் பிரித்தறியும் டைர்வுல்ஃப் மென்பொருள் மூன்றும் போதும். டாங்கிள் வாங்கும்போது டிசிஎக்ஸ்ஓ (வெப்பம் மாறினாலும் அதிகம் நகராத அலைவெண் படிகம்) உள்ளதாகப் பாருங்கள். சாதாரண டாங்கிளில் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) பிழை இருந்தால் 144 மெகாஹெர்ட்ஸில் அது 4.3 கிலோஹெர்ட்ஸ் விலகல். அதற்குமேல் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் காலையில் சரியாக இருந்தது மதியம் நகர்ந்துவிடும். "பகலில் பாக்கெட் குறைகிறது" என்ற புகார்களில் இதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஆன்டெனாவுக்குக் கால் அலை கிரவுண்ட் பிளேன் போதும்: நிமிர்ந்த கம்பி 49 சென்டிமீட்டர், 45 பாகையில் கீழ்நோக்கி வளைத்த நான்கு கம்பிகள் ஒவ்வொன்றும் 52. கேபிளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆர்ஜி-58 கேபிளை 15 மீட்டர் இழுத்தால் 3 டெசிபல், அதாவது பாதி சக்தி, வழியிலேயே போய்விடும். ஆர்ஜி-213 போட்டால் அந்த இழப்பு பாதிக்கும் கீழே வரும். இன்னும் நல்ல வழி, ராஸ்பெர்ரி பையையும் டாங்கிளையும் ஆன்டெனாவின் அடியிலேயே நிழலான பெட்டியில் வைத்து, கீழே வைஃபை வழியாக இணைப்பது.

டாங்கிளுக்குப் பதில் ரேடியோவின் ஸ்பீக்கர் வெளியீட்டை எடுத்தால், டைர்வுல்ஃப் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் காட்டும் ஒலி அளவைக் கவனியுங்கள். 50 ஐ ஒட்டி இருந்தால் நல்லது. அடைப்புக்குறிக்குள் வரும் இரண்டு எண்கள் பாக்கெட்டைச் சுமக்கும் 1200, 2200 ஹெர்ட்ஸ் தொனிகளின் அளவுகள். இரண்டாவது மிகவும் தாழ்ந்திருந்தால் அந்த ஸ்பீக்கர் வெளியீடு உச்சத் தொனியை அமுக்குகிறது என்று பொருள். பின்புற டேட்டா முனை இருந்தால் அதற்கு மாறுங்கள்.

கைக்கருவியும் (வாக்கிடாக்கி) ஆண்ட்ராய்டு போனும் சேர்ந்த ஏபிஆர்எஸ்டிராய்டு செயலி அமைப்பு மலிவு, ஆனால் தொல்லை அதிகம். ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் வசதி) பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அது திறப்பதற்குள் பாக்கெட்டின் தலை போய்விடும். பேட்டரி சேமிப்பு, இரட்டை அலைவரிசைக் காவல் இரண்டையும் அணைத்துவிடுங்கள். கருவி கண்ணயர்ந்து விழிக்கும் இடைவெளியில்தான் பாக்கெட் வந்து போகும். வாக்ஸில் (ஒலி வந்ததும் தானே அனுப்பத் தொடங்கும் முறை) அனுப்பினால் பாக்கெட் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நொடி கேரியர் (டேட்டா இல்லாத வெற்று அலை) தொங்கிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் யாருக்கும் வழி இல்லை. டிஎக்ஸ் டிலேயையும் (அனுப்பத் தொடங்கியபின் டேட்டாவுக்கு முன் விடும் இடைவெளி) வழக்கமான 300 மில்லிநொடியிலிருந்து 500க்கு ஏற்ற வேண்டிவரும். தனி பிடிடி (அனுப்பு பொத்தான்) கம்பி உள்ள இணைப்பான் வாங்குவதே நிம்மதி. போனை மௌனத்தில் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் மணியோசையும் சேர்ந்து வானில் ஏறும்.

அனுப்பும் ஒலி அளவுதான் அதிகம் கெடும் இடம். பக்கத்தில் இன்னொரு ரேடியோவை வைத்துக் கேட்டுக்கொண்டே ஒலியைக் கூட்டுங்கள். எந்தக் கட்டத்தில் சத்தம் மேற்கொண்டு ஏறாமல் நிற்கிறதோ, அங்கே லிமிட்டர் (உச்ச ஒலியை வெட்டும் சுற்று) பிடித்துவிட்டது. அதிலிருந்து நன்றாகக் கீழே இறக்கி வையுங்கள். டீவியேஷன் (ஒலிக்கேற்ப அலைவெண் அசையும் அளவு) 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால் போதும். உரத்துக் கத்தும் பாக்கெட் காதுக்குத் தெளிவாகத் தோன்றும், டீகோடருக்குப் புரியாது.

அலைவரிசை வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800. உங்கள் ஊரில் எதில் கேட்கிறார்கள் என்று அக்கம்பக்கத்து ஹாம்களிடம் விசாரித்துவிட்டு அமையுங்கள். பாதைக்கு (எத்தனை டிஜிபீட்டர் திரும்ப அனுப்பலாம் என்ற குறிப்பு) வைடு1-1, வைடு2-1 தாராளம். 100 எழுத்துள்ள பாக்கெட் 1200 பாட் வேகத்தில் தலைப்பகுதியோடு சேர்ந்து ஒரு நொடி எடுக்கும். பாதையை நீட்டினால் அந்த ஒரு நொடி ஒவ்வொரு டிஜிபீட்டரிலும் திரும்பத் திரும்பச் செலவாகும்.

ஸ்மார்ட் பீக்கனிங்கில் (வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப அனுப்பும் இடைவெளியை மாற்றும் முறை) ஒரு நுணுக்கம் உண்டு. தைப்பூசத்துக்கு ஈரோட்டுப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கும் குழுவோடு டிராக்கர் போனால், நடை மணிக்கு 4 கிலோமீட்டர்தான். மென்பொருளில் மெதுவேக எல்லை 5 என்று இருந்தால் நடப்பவரை நிற்பவராகவே கணக்கில் எடுத்து அரை மணிக்கு ஒரு முறைதான் அனுப்பும். எல்லையை 2க்கு இறக்கி, மெதுவேக இடைவெளியை 300 நொடியாக்குங்கள். தண்ணீர் வண்டிக்குத் தனி எஸ்எஸ்ஐடி (அழைப்புக்குறிக்குப் பின் வரும் எண்) கொடுங்கள்: வண்டிக்கு 9, கைக்கருவிக்கு 7. மலைப்பாதையில் சிக்கல் தலைகீழ். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் திருப்பக் கோணம் 30 பாகை என்று இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் பீக்கன் பாயும். திருப்பங்களுக்கு இடையே குறைந்தது 30 நொடி என்று கட்டுப்படுத்துங்கள். ஆழியாறு தாண்டி வால்பாறை ஏற்றத்தில் மலைமுகடு மறைக்கும் இடங்களில் எந்த அமைப்பும் உதவாது. மேலே ஒரு காது இல்லாமல் அங்கே வழியில்லை.

லோரா (குறைந்த சக்தியில் நெடுந்தூரம் போகும் டேட்டா முறை) ஏபிஆர்எஸ் இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது, காரணமும் இருக்கிறது. இஎஸ்பி32 கட்டுப்பாட்டுச் சில்லு, எஸ்எக்ஸ்1278 ரேடியோச் சில்லு, ஜிபிஎஸ், ஒரு 18650 செல் எல்லாம் ஒரே பலகையில். 100 மில்லிவாட்டில் ஆச்சரியமான தூரம் போகிறது. ஆனால் நம்மவர்கள் கவனிக்காத ஒன்று: மென்பொருள்களில் பொதுவாக வரும் 433.775 மெகாஹெர்ட்ஸ் ஐரோப்பிய வழக்கம். இந்தியாவில் ஹாம்களுக்கு இந்தப் பகுதியில் கொடுத்திருப்பது 434 முதல் 438 வரை. பலகையில் மென்பொருளை ஏற்றிய கையோடு அலைவரிசையை 434க்கு மேலே, 125 கிலோஹெர்ட்ஸ் அகலம் முழுதும் உள்ளே அடங்கும்படி மாற்றுங்கள். டிராக்கரிலும் ஐகேட்டிலும் ஒரே எண் இருக்கட்டும். எஸ்எஃப்12 என்ற மிக மெதுவான அமைப்பில் 45 பைட் பாக்கெட்டுக்கு 2 நொடிக்குமேல் ஆகும், அதனால் நிமிடத்துக்கு ஒன்றுக்குமேல் அனுப்புவது நியாயமில்லை. ஆன்டெனா மாட்டாமல் பலகைக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். பெட்டியோடு வரும் குட்டைக் கம்பிக்குப் பதிலாக 16.5 சென்டிமீட்டர் கால் அலைக் கம்பி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

எஃப்டி8 போன்ற ஹெச்எஃப் (சிற்றலை) டேட்டா முறைகளுக்கு இங்கே எதிரி இரைச்சல்தான். சோமனூர், பல்லடம் தறிக்கூடங்களின் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் மலிவு எல்இடி விளக்குகளும் 7 மெகாஹெர்ட்ஸை நிரப்பிவிடும். தறி நிற்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்கட்டும், ஏஎல்சி (அனுப்பும் அளவு மிஞ்சுவதைக் காட்டும்) முள் அசையவே கூடாது. விண்வெளி நிலையத்தின் டிஜிபீட்டர் இயங்கும் நாட்களில் 145.825 இல் ஏஆர்ஐஎஸ்எஸ் என்ற பாதையோடு அனுப்பலாம். டாப்ளர் விலகல் (நிலையம் ஓடுவதால் அலைவெண் நகர்வது) 3.5 கிலோஹெர்ட்ஸ்தான், திருத்த வேண்டாம்.

இனி பராமரிப்பு. ஆடிக் காற்று கணவாய் வழியாக உடுமலை, பல்லடம் பக்கம் வீசும் வேகத்தை அங்கே நிற்கும் காற்றாலைகளே சொல்லும். 6 மீட்டர் குழாய்க்கு மூன்று பக்கம் இழுகயிறு இல்லாமல் விடாதீர்கள். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்துபோகும், கம்பிக்கயிறு போடுங்கள். ஆனி பிறக்கும் முன்பே முடிச்சுகளைப் பாருங்கள். பிஎல்-259 என்ற கேபிள் முனை இணைப்பின் மேல் சாதாரண பிவிசி டேப் மட்டும் சுற்றினால் கோடையில் பசை உருகி, ஐப்பசி மழையில் தண்ணீர் பின்னலுக்குள் இறங்கும். முதலில் தன்னொட்டு ரப்பர் டேப், அதன்மேல் பிவிசி, கடைசியில் கேபிளை வீட்டுக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிடுவது. கோடை இடிமழைக்கு முன்பும் ஐப்பசியிலும் கேபிளைக் கழற்றி வெளியே வைப்பதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை.

மின்தடை ராஸ்பெர்ரி பையின் எஸ்டி கார்டைத்தான் முதலில் கொல்லும். ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்பு நிரலில் ஓவர்லே கோப்பு அமைப்பை இயக்கிவிட்டால் கார்டில் எழுதுவதே நின்றுவிடும். அமைப்பை மாற்றும்போது மட்டும் அணைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்மணி பேட்டரியும் 5.1 வோல்ட்டுக்கு இறக்கும் மாற்றியும் இருந்தால், பையும் டாங்கிளும் சேர்ந்து 5 வாட் எடுக்கும்போது, பாதி மின்னேற்றத்திலேயே ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓடும்.