குழந்தைக்கு சைனஸ்: ஆன்டிபயாடிக்கா, உப்புநீரா, ஆவியா?

மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டால் நம் வீடுகளில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "சளி முத்திடுச்சு, ஆன்டிபயாடிக் கொடுத்தாதான் அடங்கும்" என்பது ஒன்று. "மருந்தெல்லாம் எதுக்கு, நொச்சியைப் போட்டு ஆவி பிடிக்க வை" என்பது இன்னொன்று. இரண்டையும் மற்ற வழிகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், என் கணக்கில் இரண்டுமே முதலிடத்துக்கு வராது. முதலிடம் காலண்டருக்கும் ஒரு பாட்டில் உப்புநீருக்கும்தான்.

நிறமா, நாளா?

பள்ளிக்குப் போகத் தொடங்கிய சின்னக் குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அதில் பெரும்பாலானவை வைரஸ் சளி. முதலில் தண்ணீராக ஒழுகி, அப்புறம் கெட்டியாகி மஞ்சளாகி, பத்து நாளுக்குள் தானாக வடிந்துவிடும். நடுவில் நிறம் மாறுவது அந்தப் பயணத்தின் ஒரு கட்டம், அவ்வளவே. 2023-இல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. சைனஸ் தொற்று என்று முடிவான 2 முதல் 11 வயதுவரையிலான 515 குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஆன்டிபயாடிக்கும் மறுபாதிக்கு ஒப்பிட்டுப் பார்க்க மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். சளியின் நிறத்தை வைத்து யாருக்கு மருந்து பலன் தரும் என்று சொல்ல முடியவில்லை.

சரி, பிறகு எதை வைத்து முடிவெடுப்பது? அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. மூக்கொழுகலோ பகல்நேர இருமலோ பத்து நாளைத் தாண்டியும் கொஞ்சமும் குறையாமல் இருப்பது. குறைந்துகொண்டு வந்த சளி திடீரென்று திரும்பி, புதிதாகக் காய்ச்சலோடு மோசமாவது. தொடக்கத்திலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் சேர்ந்து மூன்று நாளாவது தொடர்வது. மூன்றிலுமே நிறத்தைவிட நாள்கணக்குக்குத்தான் வேலை அதிகம். மூக்கு ஒழுகத் தொடங்கிய தேதியை காலண்டரில் குறித்து வைத்தால், டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் தயார்.

"தலைவலி, அதனால சைனஸ்" என்ற கணக்கும் சின்னக் குழந்தைகளிடம் சரிவராது. பிறக்கும்போது கன்னத்திலும் கண்களுக்கு நடுவிலும் மட்டும்தான் மிகச் சிறிய சைனஸ் அறைகள் இருக்கும். நெற்றியில் உள்ளவை ஏழெட்டு வயதில்தான் உருவம் பெறும். முழுதாக வளர்வது பதின்ம வயதில். நாலு வயதுப் பிள்ளை நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுதால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

ஆன்டிபயாடிக், காத்திருத்தல்

மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது வகைகளில் விவாதமே இல்லை, ஆன்டிபயாடிக் வேண்டும். பத்து நாளாகியும் குறையாத வகையில் மட்டும் இரண்டு வழி உண்டு: உடனே தொடங்கலாம், அல்லது இன்னும் மூன்று நாள் பார்க்கலாம். குழந்தை சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தால் நான் மூன்று நாள் பார்ப்பதன் பக்கம். அதே 2023 ஆய்வில் மருந்து எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் குறைந்தது உண்மை. ஆனால் மூக்கின் பின்பகுதியில் நோய்ப் பாக்டீரியா இல்லாத குழந்தைகளுக்கு அதில் பெரிய லாபம் இல்லை. மருந்து எடுத்தவர்களுக்கு வயிற்றுப்போக்கும் அதிகம் வந்தது.

கொடுப்பதென்று டாக்டர் முடிவு செய்தால், வழிகாட்டி முதலில் சொல்வது அமாக்ஸிசிலின், அல்லது அதோடு கிளாவுலனேட் சேர்ந்தது. பெற்றோருக்குப் பிடித்ததோ அசித்ரோமைசின்: ஒரு நாளைக்கு ஒரு வேளை, மூன்று நாளில் முடிந்துவிடும். வசதியில் அதுதான் ஜெயிக்கும். ஆனால் சைனஸில் குடியேறும் பாக்டீரியாக்களில் பல அதற்கு மசியாமல் போய்விட்டதால் முதல் தேர்வாக அதைப் பரிந்துரைப்பதில்லை. போன தடவை மிச்சமான பாட்டிலைத் திறப்பது இன்னும் மோசம். கிளாவுலனேட் கலந்த பொடி சிரப்பைத் தண்ணீர் விட்டுக் கலக்கிய பின் ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஆயுள் ஏழு நாள்தான். பத்து நாள் கோர்ஸ் என்றால் இரண்டாவது பாட்டில் தேவைப்படும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

மூக்கில் விடுபவை

உண்மையான போட்டி இங்கேதான். கடையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் மூன்று பாட்டில்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், செய்யும் வேலையோ வேறு வேறு.

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டுகள் சில நிமிடத்தில் அடைப்பைத் திறந்துவிடும். வேகத்தில் இவற்றை அடிக்க ஆளில்லை. அதுதான் ஆபத்தும். சில நாளைத் தாண்டித் தொடர்ந்தால், மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும். ஆறு வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. கைக்குழந்தைக்கு அளவு மீறினால் மயக்க நிலைக்கே கொண்டுபோகும்.

ஸ்டீராய்டு ஸ்பிரே மெதுவான ஆள், பலன் தெரியச் சில நாளாகும். தும்மல், மூக்கரிப்பு, கண்ணரிப்பு என்று அலர்ஜி பின்னணியில் இருக்கும் பிள்ளைக்குத்தான் இதன் அருமை தெரியும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், டாக்டர் சொன்ன அளவில் மூக்கோடு பெரும்பாலும் நின்றுவிடும். முனையை மூக்கின் நடுச்சுவர் பக்கம் திருப்பாமல் வெளிப்பக்கமாகப் பிடித்தால் ரத்தக்கசிவு குறையும்.

உப்புநீர் எந்த வயதுக்கும் பொருந்தும், எத்தனை நாளும் விடலாம், பழக்கமும் ஆகாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் இரண்டு சொட்டு, நடக்கும் வயதில் ஸ்பிரே, ஐந்தாறு வயதுக்கு மேல் ஒத்துழைக்கும் பிள்ளைக்கு மூக்கைக் கழுவிவிடுதல். வீட்டில் கலப்பதானால் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. தண்ணீர் மட்டும் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் குடிக்கச் சரி, மூக்குக்குச் சரியில்லை. 2024-இல் கேரளத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த மூளை அமீபா, மூக்கு வழியாகப் போகும் தண்ணீரில்தான் ஏறுகிறது.

ஆவி, எண்ணெய், சிரப்

ஆவி பிடித்தால் பெரியவர்களுக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். தொற்றைக் குணமாக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் மடியில் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் நிஜம். போர்வைக்குள் பிள்ளையோடு கொதிக்கும் அண்டாவை வைப்பதற்கு எந்தப் பலனும் ஈடாகாது என்பது என் கட்சி. வெந்நீர்க் குளியலில் அதே இதம் கிடைத்துவிடும்.

சூடம் கலந்த தைலம் இரண்டு வயதுக்குக் கீழே கூடாது, வலிப்பு வரலாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலில் போய்த் தங்கலாம். சாம்பிராணிப் புகை ஏற்கெனவே வீங்கிய மூக்கை இன்னும் எரிச்சலாக்கும். பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள், இருக்கட்டும்.

சளி சிரப்பைப் பற்றி ஒரே வரி போதும் என்று நினைத்திருந்தேன், 2025 அக்டோபர் அதை மாற்றிவிட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில் தயாரான இருமல் சிரப்பில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மத்திய சுகாதாரத் துறை அப்போது விடுத்த அறிவுரை: இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. கலப்படம் இல்லாத சிரப்கூட சைனஸ் தொற்றைக் குறைப்பதில்லை. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையின் இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் தேவலாம்.

எக்ஸ்ரேயாலும் பெரிய பயன் இல்லை. சாதாரணச் சளியிலேயே படத்தில் சைனஸ் மங்கலாகத் தெரியும் என்பதால், அது பாக்டீரியாவா வைரஸா என்பதைப் பிரித்துக் காட்டாது. சி.டி. ஸ்கேன் தேவைப்படுவது தொற்று கண்ணுக்கோ மூளைக்கோ பரவியதாகச் சந்தேகம் வரும்போது. கண் இமை வீங்கிச் சிவப்பது, கண்ணை அசைத்தால் வலி, இரட்டையாகத் தெரிவது, நெற்றியில் வீக்கம், கடும் தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் மூன்று நாள் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை, ராத்திரியானாலும் மருத்துவமனைதான்.

அடிக்கடி திரும்பத் திரும்ப வந்தால் ஆன்டிபயாடிக்கை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட அலர்ஜியா, அடினாய்டு (மூக்கின் பின்பக்கச் சதை) வளர்ச்சியா என்று பார்ப்பது மேல். வாய் திறந்து தூங்கிக் குறட்டை விடும் பிள்ளையிடம் இரண்டாவதைச் சந்தேகிக்கலாம். சளி ஒரே ஒரு மூக்குத்துவாரத்தில் மட்டும் நாற்றத்தோடு வந்தால் அது சைனஸாக இல்லாமல், உள்ளே சொருகிய மணியோ கடலையோவாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும். பொம்மையின் பட்டன் பேட்டரி காணாமல் போயிருந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள், சில மணி நேரத்தில் அது மூக்கின் சுவரை அரித்துவிடும்.