செந்த் எமிலியோனில் ருசி பார்க்கத் தந்தது வேறு, பெட்டியில் போட்டது வேறு

பிரான்சின் ஒயின் பிரதேசமான போர்தோவில் செந்த் எமிலியோன் ஊர்ப் பக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு. "இருபது வருஷம் வைத்துக் குடிக்கலாம்" என்று சொல்லி, சிவப்பு ஒயினைக் கராஃபிலிருந்து (ஒயினை மாற்றி ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள். பாட்டிலைக் கண்முன்னால் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள், அந்த ஊரில் ஒயின் கடைக்கா பஞ்சம்? (குடியைப் பற்றி அறிவுரை சொல்ல நினைப்பவர்கள் இத்துடன் விடைபெறலாம்.)

மகள் 2013இல் பிறந்தவள். அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்குத் திறக்க, அதே வருஷத்து ஒயின் ஆறு பாட்டில் தேடினோம். கடைக்காரர் ஒரு பாட்டிலை மேஜையில் நிறுத்தி, பக்கத்தில் தயாராக இருந்த கராஃபிலிருந்து ஊற்றினார். நல்ல அடர்த்தி. துவர்ப்பு ஈறைப் பிடித்தது, ஆனால் அதற்கு ஈடாகக் கருப்புப் பழச் சுவையும் புளிப்பும் இருந்தன. விழுங்கிய பிறகும் சுவை வெகுநேரம் நாக்கில் நின்றது. பல வருஷம் தாங்கும் ஒயினில் பார்க்க வேண்டியவை இவைதான். துவர்ப்பு மட்டும் இருந்து பழம் இல்லாவிட்டால், பழம்தான் முதலில் போகும், துவர்ப்பு மிஞ்சும். பாட்டில் 48 யூரோ. வாங்கினோம்.

வீட்டில் ஒன்றைத் திறந்தால் ஆளே வேறு. விளிம்பெல்லாம் செங்கல் நிறம், வாயில் வைத்தால் வெறும் தண்ணீர், விழுங்கியதும் எல்லாம் முடிந்தது. கார்க் கெட்டுப்போனால் வரும் ஈர அட்டை வாடையும் இல்லை. சந்தேகத்துக்கு இன்னொன்றைத் திறந்தோம். அதே கதை.

கடையில் மனைவி எடுத்த போட்டோதான் குட்டை உடைத்தது. வெள்ளை நாப்கின்மேல் சாய்த்த கிளாசின் விளிம்பு பளிச்சென்று ஊதா. அது இளம் ஒயினின் நிறம். வயதாக ஆக நிறமிகளும், துவர்ப்பைத் தரும் டானினும் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் படியும். விளிம்பு மாதுளைச் சிவப்பாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வரும். மெர்லோ அந்த ஊரின் முக்கியத் திராட்சை வகை. பத்து வயது தாண்டிய மெர்லோவில் அப்படி ஓர் ஊதா இருக்கவே முடியாது. கராஃபில் இருந்தது நேற்றுப் பிறந்த வேறு ஏதோ ஒன்று.

2013 என்ற வருஷமே அங்கே சிவப்புக்கு மோசமான வருஷம். குளிர்ந்த, ஈரமான வசந்தம், பூப்பிடிப்பு சரியில்லை, மெர்லோவுக்கு அடி அதிகம். அறுவடை நேரத்து ஈரத்தில் அழுகல் வேறு. பழுக்கக் காத்திருக்க முடியாமல் பறித்தார்கள். பெரும்பாலானவை சீக்கிரம் குடித்து முடிக்க வேண்டியவை. இதே ஆள் 2010ஐயோ 2016ஐயோ காட்டி இருபது வருஷம் என்றிருந்தால் நம்புவதில் நியாயம் உண்டு.

பேச்சுவாக்கில், போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்த 1855 தரவரிசையையும் கடைக்காரர் இழுத்தார். அந்தப் பட்டியலில் செந்த் எமிலியோன் ஒயின் ஒன்றுகூடக் கிடையாது. சிவப்பில் ஒ-பிரியோன் என்ற ஒரு தோட்டத்தைத் தவிர எல்லாமே போர்தோவின் மெடோக் பகுதியைச் சேர்ந்தவை. செந்த் எமிலியோனின் தரவரிசை 1955இல்தான் தொடங்கியது, கடைசியாக 2022இல் திருத்தினார்கள். லேபிளில் 'கிராண்ட் குரு' என்று இருந்தால் அது அப்பெல்லாசியோன் (ஒயினின் சட்டப்படியான பிறப்பிடப் பெயர்) மட்டுமே, தரவரிசை இல்லை. கூடவே 'கிளாசே' (தரவரிசையில் இடம்பெற்றது) இருக்கிறதா பாருங்கள்.

போன் செய்தால், "நீங்கள் வைத்திருந்த விதம் சரியில்லை" என்கிறார். ஒரு வாரத்தில் எந்த ஒயின் கிழடு தட்டும்? பிரான்சில் 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை இணையம், தொலைபேசி என்று கடைக்கு வெளியே வாங்குவதற்குத்தான், கடையில் நேரில் வாங்கியதற்கு இல்லை. ஆனால் ஏமாற்றி விற்பது வேறு விஷயம். போட்டோக்களோடும் ரசீதோடும் அரசின் சிக்னல்கோன்சோ தளத்தில் புகார் பதிந்திருக்கிறேன். ருசி பார்க்கும்போது கிளாசையும் லேபிளையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள்.

2013இல் பிறந்த பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் போர்தோவிலேயே இனிப்பு வெள்ளை ஒயினுக்குப் பேர்போன சொதேர்ன் பக்கம் போங்கள். சிவப்பைக் கெடுத்த அதே பூஞ்சைதான் அந்த இனிப்பு வெள்ளை ஒயினுக்கு உயிர். அந்த வருஷம் அங்கே நன்றாகவே வந்தது. நல்ல தோட்டத்து பாட்டில் 2031ஐத் தாராளமாகத் தாண்டும்.