பைபாஸ் செய்து ஏழு வருடம்: எடை போனது, குடி வந்தது

2018 மார்ச்சில் பினாங்கில் எனக்கு இரைப்பை பைபாஸ் அறுவை செய்தார்கள். அன்று என் எடை 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். இப்போது 76 கிலோ. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) அப்போது 9.4 சதவீதம், இப்போது மாத்திரை இல்லாமலே 5.8. முட்டி வலி போய்விட்டது. தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் போன தைப்பூசத்தில் இரண்டே இடத்தில் நின்று ஏறினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு அறுவையே வேண்டாம் என்று யாரும் ஓடிவிடக் கூடாது. அதே நிலைமை மறுபடி வந்தால் நான் மறுபடியும் செய்துகொள்வேன். ஆனால் மதுவைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு செய்துகொள்வேன்.

மலேசியாவில் 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 54.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். நம் இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். அதனால் இந்த அறுவையைப் பற்றி இப்போது நம் வீடுகளில் நிறையப் பேசுகிறார்கள். எவ்வளவு செலவு, எத்தனை நாள் லீவு, எத்தனை கிலோ குறையும் என்று என்னிடமே மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். குடியைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

சாப்பாட்டை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இரைப்பையின் மேல் பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பை செய்து, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் தெளிந்த ரசமும் சூப்பும்தான். அப்புறம் மசித்த பருப்பு, தாவ்ஹூ, அவித்த மீன். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்றார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டபோதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். ரொட்டி சானாய் நெஞ்சில் கல் மாதிரி நின்றுவிடும். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் பாதி கிளாஸ் குடித்தால் பத்தே நிமிடத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்து, படுத்துவிட வேண்டியதுதான். சர்க்கரை நேரே குடலுக்குள் கொட்டுவதால் வருவது இது. இன்றைக்கும் எனக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்தான். இரும்பு, கால்சியம், பி12, வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க. இவற்றையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் ஒழுங்காகச் செய்தேன்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கடைசியில் கணக்கு முடித்துவிட்டு எட்டு மணிக்கு வெளியே வந்தால் நாங்கள் நாலு பேரும் நாசி கண்டார் கடைக்குப் போவோம். கோபம் வந்தாலும், மாமியாரோடு மனஸ்தாபம் என்றாலும், மகளுக்குப் பரீட்சை என்றாலும் எனக்குத் தட்டுதான் துணை. அறுவைக்குப் பிறகு அந்தத் துணை போய்விட்டது. மூன்று கரண்டிக்கு மேல் இறங்காது. பசியும் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணியானால் கையும் மனமும் எதையோ தேடிக்கொண்டே இருக்கும்.

என் அப்பா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். சம்பள நாளில் சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு வருவார். அந்த வாடையை நினைத்தாலே எனக்கு இன்றும் வயிறு பிசையும். அதனாலேயே எனக்கெல்லாம் குடி வராது என்று உறுதியாக நம்பினேன். கம்பெனி விருந்தில் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு கிளாஸ் ஒயின், அவ்வளவுதான் என் பழக்கம். அறுவைக்கு முன் நடந்த நேர்காணலில் குடிப்பீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். வீட்டில் யாராவது குடித்தார்களா என்று கேட்கவில்லை. கையில் கொடுத்த பன்னிரண்டு பக்கக் கையேட்டில் மதுவுக்கு ஒரே வரி: ‘மது அருந்துவதைத் தவிர்க்கவும்’. அதற்கு மேல்வரி காரமான உணவு, கீழ்வரி வாயு அடைத்த பானங்கள். மூன்றையும் நான் ஒரே அளவில்தான் எடுத்துக்கொண்டேன்.

2019 நவம்பர், கம்பெனி விருந்து. அறுவை முடிந்து இருபது மாதம். அரை கிளாஸ் சிவப்பு ஒயின் குடித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, உடம்பு முழுக்க வெந்நீர் ஓடுவது போல இருந்தது. அந்த நேரத்தில் தேட்டம் நின்றுபோனது. இருபது மாதமாக எதைத் தேடிக்கொண்டிருந்தேனோ அது கிடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு மணி நேரத்தில் தெளிந்தும் விட்டது. அந்த இரவு வீட்டுக்கு வந்து, எவ்வளவு கொஞ்சம் போதுமாக இருந்தது, எவ்வளவு சீக்கிரம் தெளிந்தது என்று சந்தோஷப்பட்டேன். அந்த வேகம்தான் ஆபத்து என்று எனக்குத் தெரியாது.

காரணத்தைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சாதாரண வயிற்றில் மது கொஞ்ச நேரம் தங்கும், அங்கேயே ஒரு பகுதி சிதையும், மிச்சம் மெதுவாகக் குடலுக்கு இறங்கும். பைபாஸ் செய்தவருக்கு அந்தத் தங்கல் இல்லை. வாயில் ஊற்றியது அப்படியே குடலுக்கு ஓடி ரத்தத்தில் ஏறுகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெண்களை வைத்துச் செய்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், பைபாஸ் செய்த பெண் இரண்டு கிளாஸ் குடித்தால் ரத்தத்தில் ஏறும் அளவு, அறுவை செய்யாத பெண் நாலு கிளாஸ் குடித்ததற்குச் சமமாக இருந்தது. இன்னொரு பெரிய ஆய்வு 2012-இல் வந்தது. 1,945 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். மதுப் பிரச்சினை முதல் வருடத்தில் கூடவில்லை, இரண்டாம் வருடத்தில்தான் கூடியது. 7.6 சதவீதமாக இருந்தது 9.6 ஆனது. அதே ஆய்வில் அறுவைக்குப் பின் மதுப் பிரச்சினை இருப்பதாகத் தெரிந்த 167 பேரில் 101 பேருக்கு முன்பு அது கிடையாது. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ‘எனக்குப் பழக்கம் இல்லையே’ என்று நினைத்தவர்கள் அந்த 101 பேரும். அவர்களையே இன்னும் நீண்ட காலம் பார்த்தபோது, பைபாஸ் செய்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் ஐந்தில் ஒருவருக்கு மதுப் பிரச்சினையின் அறிகுறி புதிதாக வந்திருந்தது.

சாப்பாட்டு மோகம்தான் குடிமோகமாக மாறுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். என் விஷயத்தில் அதில் உண்மை உண்டு. ஆனால் மனசு மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பைபாஸ் செய்த எலிகளுக்கு மதுவை வயிற்றுக்கே விடாமல் நேரே ரத்தத்தில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் அவை மற்ற எலிகளைவிட அதிகமாக அதைத் தேடின. மூளையிலேயே ஏதோ மாறுகிறது. ‘உனக்குக் கட்டுப்பாடு போதவில்லை’ என்று என்னையே இரண்டு வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டுதான் என்னை வாய் திறக்க விடாமல் வைத்திருந்தது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வீட்டிலிருந்து வேலை. கணவர் லோரியில் காய்கறி ஏற்றுபவர், அத்தியாவசிய வேலை என்பதால் இரவு முழுக்க வெளியே இருப்பார். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு கிளாஸ். அப்புறம் ஆறு மணி ஆனதும் தினமும். 2021 கடைசியில் ஒரு போத்தல் இரண்டு நாளைக்கு வரவில்லை. பழைய ரைஸ் குக்கர் பெட்டிக்குள் வைத்து அலமாரியின் மேல் ஏற்றியிருந்தேன். வயிற்றில் இடம் கொஞ்சம்தான், அந்த இடத்தை ஒயினுக்கு விட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். எடை இன்னும் குறைந்து 71 ஆனது. தீபாவளிக்கு வந்த சித்தி கன்னத்தைத் தடவி, “அப்படியே மெயின்டெய்ன் பண்ணும்மா, பொண்ணு மாதிரி ஆயிட்டே” என்றார். தராசு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கே வரவில்லை.

2022 ஜூலையில் ஒரு சாயங்காலம் மகளை டியூஷனுக்குக் கூட்டிப்போகக் காடி சாவியை எடுத்தேன். அவளுக்கு அப்போது பதிமூன்று வயது. செருப்பைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “பரவாயில்லம்மா, பக்கத்து வீட்டு ஆண்டிய கேட்டுட்டேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எவ்வளவு நாளாக அவளுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. 2020 அக்டோபரிலிருந்து இந்த நாட்டில் ஓட்டுநருக்கான மது வரம்பை 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். என் போன்ற உடம்புக்கு இரண்டு கிளாஸிலேயே அது தாண்டிவிடும். நான் அப்படி எத்தனை முறை அவளை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கும்போது கை நடுங்குகிறது.

அதே மாதம் பாதம் மரத்துப்போய் எரிய ஆரம்பித்தது. கோவிட்டைச் சாக்கு வைத்து இரண்டு வருடம் தவறவிட்ட பரிசோதனைக்குப் போனேன். அங்கே ஒரு இளம் மருத்துவர், தமிழ்ப் பெண். ரத்த முடிவைப் பார்த்துவிட்டு, “அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் குடிக்கிறீங்க?” என்றார். குடிக்கிறீர்களா என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எத்தனை என்று கேட்டதால் “மூணு” என்று வாயில் வந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வித் தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார். எட்டு வந்தாலே கவனிக்க வேண்டும் என்பார்கள், எனக்கு 22 வந்தது. பி1 என்ற தயாமின் உடம்பில் வற்றிப்போயிருந்தது. பைபாஸ் செய்தவர் சரியாகச் சாப்பிடாமல் குடித்தால் அது சீக்கிரம் வற்றும், விட்டால் நடையும் நினைவும் பாதிக்கும் என்று படம் வரைந்து காட்டினார். இரவில் எனக்கு வரும் நடுக்கமும் வியர்வையும் சர்க்கரை இறங்குவதால் என்றும் அன்றுதான் தெரிந்தது. பைபாஸ் வயிற்றுக்கு ஏற்கெனவே சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கும் தொல்லை உண்டு, மது அதை மேலும் இறக்கும்.

தினமும் குடிப்பவர்கள் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். வலிப்பு வரலாம். எனக்கு ஒரு வாரம் மருந்து கொடுத்து, தயாமின் ஏற்றி, அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் பார்த்துக்கொண்டார்கள். பரிசோதனைக்குப் போய் வந்த அன்று இரவு கணவரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் அந்த ரைஸ் குக்கர் பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருக்கும் தெரிந்திருந்தது.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் போனேன். நான் போன கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் என்னைப் பற்றிச் சொல்ல எனக்குச் சுலபமாக இருந்தது. தமிழில் சொல்ல வரவில்லை. குடிகாரன் என்ற சொல் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும் அது பழகிப்போன பெயர். குடிகாரி என்பது நம் ஊரில் திட்டுவதற்கு மட்டும்தான். அந்தச் சொல்லுக்குப் பயந்து எத்தனை பெண்கள் பெட்டிக்குள் போத்தலை வைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நினைத்தேன். இரண்டு முறை சறுக்கினேன். கடைசியாகக் குடித்தது 2023 பிப்ரவரியில்.

எடை 71-இலிருந்து 76-க்கு ஏறியது அதன் பிறகுதான். சித்திக்கு வருத்தம். எனக்கு இல்லை, ஏனென்றால் அது சாப்பாட்டால் ஏறிய எடை. ஆறு மணித் தேட்டம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் இருக்காமல் பார்த்துக்கொள்கிறேன். மகளோடு பட்டர்வொர்த் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய்ச் சும்மா திரும்பி வருவோம். பையில் அவித்த முட்டையும் வறுத்த கச்சானும் இருக்கும். மரத்துப்போன பாதத்தில் இடது காலின் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

போன தீபாவளிக்கு என் அத்தை மகன் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தான். முப்பத்திரண்டு வயது, ஜனவரியில் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டேன். “சனிக்கிழமை மட்டும்தான்கா, நாலஞ்சு கேன்” என்றான். அதை மருத்துவரிடம் சொன்னாயா என்றால் சிரித்தான். நான் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கும்போதே என் கதையை முழுதாகச் சொன்னேன். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் அவன் போய் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னான். ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டட்டும் என்று அறுவையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். என்னால்தான் என்று அவனுக்குக் கோபம், பொங்கலுக்கு வாழ்த்துகூட அனுப்பவில்லை. நான் மட்டும் வாரா வாரம் சனிக்கிழமை ராத்திரி அவனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். படித்துவிட்டான் என்று நீலக் கோடு காட்டுகிறது.