டேப் ஒடிவதற்கு முன்பே தெரியுமா: ஸ்பிண்டில் லோடா, வயர்லெஸ் ஹோல்டரா?

ஒரு ஜாபில் மரை போடும் வேலை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். மில்லிங், போரிங் செய்து, துளை போட்டு, செலவெல்லாம் ஜாபில் ஏறிய பிறகுதான் மரை வெட்டும் டேப் இறங்குகிறது. அங்கே அது ஒடிந்தால் டேப்பின் விலை ஒரு பொருட்டே இல்லை. சிக்கிய துண்டை ஸ்பார்க் மெஷினில் எரித்து எடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஜாபை ஸ்கிராப்பில் போட வேண்டும். ஒடியாமல் தேய்ந்துபோன டேப் இன்னும் மோசம். மரை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மரையின் அளவைச் சோதிக்கும் கோ கேஜ் ஏறாது. அது தெரிவதற்குள் ஒரு தட்டு ஜாப் முடிந்திருக்கும்.

ஆர்ம் டைப் டேப்பிங் மெஷினில் ஆபரேட்டரின் கையும் காதும்தான் கண்காணிப்புக் கருவி. கணினி ஓட்டும் மெஷினான வி.எம்.சி.யில் கதவை மூடிவிட்டால் கூலன்ட் சத்தத்தில் அது போயிற்று. அந்த இடத்தைப் பிடிக்க முக்கியமாக மோதுபவை இரண்டு: டேப்பைச் சுற்றும் ஸ்பிண்டிலின் மோட்டாருக்கு எவ்வளவு சுமை என்று மெஷின் தானே காட்டும் ஸ்பிண்டில் லோட், டேப்பைப் பிடிக்கும் ஹோல்டருக்குள் சென்சாரை வைத்து ரேடியோவில் அனுப்பும் முறை. லேசரும் டேப் எண்ணிக்கையும் ஓரமாக நிற்கின்றன.

ஸ்பிண்டில் லோட்

செலவில்லாத வழி இதுதான். கண்ட்ரோலில் ஏற்கெனவே இருக்கும் எண்ணைப் படித்து ஒரு வரம்பு வைத்தால் போதும். புதிதாகக் கெட்டுப்போக ஒன்றுமில்லை, பேட்டரி இல்லை, டூல்கள் நிற்கும் மேகசினில் இடம் கேட்காது.

பெரிய டேப்புக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. 11 கிலோவாட் மோட்டார், 1500 ஆர்.பி.எம். அடிப்படை வேகம் என்று வையுங்கள். முழு லோடில் அது தரும் டார்க் (சுழற்று விசை) 70 நியூட்டன் மீட்டர். நடுத்தர ஸ்டீலில் புது எம்16 (16 மி.மீ. மரை) டேப் சுமார் 20 கேட்கும், அதாவது கால் பங்குக்கு மேல். டேப் தேயத் தேய லோட் ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

அதே மெஷினில் எம்6 போட்டால் கதை வேறு. அதற்குத் தேவை சுமார் 2 நியூட்டன் மீட்டர், 70-இல் மூன்று சதவீதம். டேப் தேய்ந்து இரண்டு மடங்கு கேட்டாலும் மூன்று ஆறாகும், அவ்வளவுதான். காலையில் ஸ்பிண்டில் குளிர்ந்திருக்கும்போதும் மதியம் சூடானபோதும் லோடில் வரும் வித்தியாசத்திலேயே அது கரைந்துவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. டேப்பிங்கில் ஸ்பிண்டில் சீராக ஓடும் நேரமே குறைவு. வேகம் எடுக்கும், துளைக்குள் போகும், அடியில் நின்று எதிர்ப்பக்கம் சுற்றும், வெளியே வரும். ஒவ்வொரு முறையும் ரோட்டரையும் ஹோல்டரையும் முடுக்கி நிறுத்த மோட்டார் எடுக்கும் கரன்ட், சின்ன டேப் கேட்பதைவிடப் பல மடங்கு. நாம் பார்க்க விரும்பும் கடைசி இரண்டு மூன்று சுற்று சரியாக அந்த பிரேக் கரன்டின் அடியில் புதைந்துகிடக்கும். மென்பொருளில் அதைக் கழித்துப் பார்க்க முடியும். ஆனால் எம்8-க்குக் கீழே அந்தக் கணக்கை நம்பி நான் ஒரு வரம்பும் வைக்க மாட்டேன்.

வயர்லெஸ் ஹோல்டர்

இங்கே சென்சார் டேப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்பிண்டிலின் எடையும் பெல்ட்டும் கணக்கில் கலக்காது. ஆனால் "சென்சார் ஹோல்டர்" என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. ஜெர்மனியின் புரோ மைக்ரான் தரும் ஸ்பைக் வகை, உலோகம் நெளிவதை உணரும் ஸ்ட்ரெய்ன் கேஜ் வைத்து டார்க், வளைவு, அச்சு விசை மூன்றையும் அளக்கிறது. சுங்க் நிறுவனத்தின் ஐடெண்டோ அதிர்வை அளக்கிறது. மில்லிங்கில் டூல் நடுங்கி வெட்டும் சாட்டரைப் பிடிக்க அதிர்வு அருமையான அளவு. 600 ஆர்.பி.எம்.-இல் சுற்றும் டேப்புக்கு அது அதிகம் சொல்லாது. டேப்புக்கு டார்க்தான் வேண்டும், கூடவே அச்சு விசை கிடைத்தால் நல்லது. கிஸ்ட்லரின் சுழலும் டைனமோமீட்டரும் இந்தக் குடும்பம்தான், ஆனால் அது ஆய்வுக்கூடத்துச் சாமான். பட்டறையில் தினமும் ஓட்டுவதற்கல்ல.

டார்க் ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இதன் அருமை புரியும். டேப்பின் முனைச் சரிவில் இருக்கும் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழையும்போது கோடு படியேறும். முழுதும் நுழைந்ததும் மேடு போல நேராகப் போகும். அடியில் திரும்பும்போது எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் குத்து: விட்டுப்போன சில்லின் (உலோகச் சீவலின்) வேரை டேப்பின் முதுகு அறுக்கிற கணம். பிறகு வெளியே வரும்வரை வெறும் உராய்வு.

அந்த மேடு துளைக்குத் துளை மெல்ல உயர்ந்தால் டேப் தேய்கிறது. அடியில் மட்டும் கோடு சட்டென்று மேலே போனால் சில்லு அடைக்கிறது, அல்லது டேப் துளையின் அடியைத் தொடுகிறது. திரும்பும்போது வரும் உராய்வு அதிகமானால் கூலன்ட் கலவையைச் சோதியுங்கள். மேடு முழுவதும் ஒரே நாளில் உயர்ந்துவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் டேப்பே இல்லை, முன்னால் போன டிரில். எம்8-க்கு 6.8 மி.மீ. துளை வேண்டிய இடத்தில் தேய்ந்த டிரில் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருக்கும். வெட்டாமல் அழுத்தி மரை எடுக்கும் ஃபார்ம் டேப்பில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். டேப்பை மாற்றி மாற்றிப் போட்டும் ஒடிவது நிற்காத பட்டறைகளில் முதலில் டிரில்லைத்தான் பார்க்க வேண்டும். சின்ன டேப்பில் இதை ஸ்பிண்டில் லோட் சொல்லவே சொல்லாது.

அச்சு விசையின் பயன் வேறு. ஸ்பிண்டிலின் சுற்றும் அதன் மேல்கீழ் (இசட்) நகர்வும் ஒன்றோடொன்று கொஞ்சம் பிசகினாலும் டேப் இழுபடும் அல்லது அமுக்கப்படும். மரையின் ஒரு பக்கம் சுரண்டப்பட்டு இருந்தால் காரணம் அங்கேதான் இருக்கும்.

சரி, குறைகள். சென்சார் பகுதி ஹோல்டரின் நீளத்தையும் எடையையும் கூட்டுகிறது. பிடி40 அளவு ஹோல்டர் போடும் மெஷினில் சமாளித்துவிடலாம். அதைவிடச் சின்ன பிடி30 டேப்பிங் சென்டரில் டூலைத் தானே மாற்றும் ஏ.டி.சி. தாங்கும் எடை சில கிலோதான், அங்கே முதலில் மெஷின் மேனுவலைத் திறந்து பாருங்கள். பேட்டரியை யார், எந்த ஷிஃப்டில் சார்ஜ் போடுவது என்று முடிவு செய்யாமல் வாங்கினால் இரண்டாவது வாரமே ஹோல்டர் அலமாரிக்குப் போய்விடும். மெஷினின் இரும்புக் கூண்டு சிக்னலை மறைக்கும், பாய்கிற கூலன்டும் 2.4 கிகாஹெர்ட்ஸைக் குடிக்கும். அதனால் ஆன்டெனா கூண்டுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். இன்னொன்று: அமெரிக்காவில் சகஜமான 915 மெகாஹெர்ட்ஸ் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாத பட்டையில் வராது. இங்கே 2.4 கிகாஹெர்ட்ஸோ 865-ஐ ஒட்டிய பட்டையோ உள்ள மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். பேலன்ஸ் பற்றி விற்பனையாளர் நீட்டி முழக்கினால் தலையாட்டிவிட்டு விடுங்கள், டேப் சுற்றும் வேகத்துக்கு அது பெரிய விஷயமில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறையை கேட்டலாக் சொல்வதில்லை. "டேப் ஒடியும் முன் மெஷினை நிறுத்தும்" என்று நினைத்துத்தான் பலர் இதை வாங்குகிறார்கள். ஸ்டீலில் எம்8, நிமிடத்துக்கு 15 மீட்டர் வெட்டு வேகம் என்றால் சுமார் 600 ஆர்.பி.எம். 20 மி.மீ. ஆழத்தை டேப் 1.6 நொடியில் முடித்துவிடும். சிக்னல் வந்து, கணக்குப் போட்டு, கண்ட்ரோலுக்குச் சொல்ல 100 மில்லிநொடி ஆனால் டேப் அதற்குள் ஒரு முழுச் சுற்று போயிருக்கும். அப்படியே சொன்னாலும் ஃபேனக் கண்ட்ரோலில் டேப்பிங் கட்டளையான ஜி84 ஓடும்போது ஃபீட் ஹோல்ட் (நகர்வை நிறுத்தும் பட்டன்) உடனே கேட்காது. டேப் அடிவரை போய்த் திரும்பி வந்த பிறகுதான் நிற்கும். நகர்வு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபீட் ஓவர்ரைடும் அப்போது செல்லாது. எமர்ஜென்சியை அழுத்தினால் டேப் துளைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஆக இந்த ஹோல்டர் காவல்காரன் அல்ல, ஈ.சி.ஜி. மாதிரி. இந்தத் துளையைக் காப்பாற்றாது. அடுத்த துளைக்குப் போகலாமா, டேப்பை மாற்றலாமா என்று சொல்லும்.

லேசரும் எண்ணிக்கையும்

ரெனிஷாவின் டி.ஆர்.எஸ்.2 போன்ற லேசர் சாதனம் டேப் முழுசாக இருக்கிறதா என்று நொடிக்கணக்கில் பார்த்துவிடும். ஒடிந்த பிறகுதான் தெரியும், உண்மைதான். ஆனால் ஒடிந்த டேப்போடு அடுத்த பதினைந்து துளைக்கு மெஷின் ஓடுவதை அது தடுக்கிறது, நஷ்டத்தில் பெரிய பங்கு அங்கேதான். டேப்பின் நுனிப் பல் மட்டும் சிதறியிருந்தால் அதன் கண்ணுக்குத் தெரியாது. இத்தனை துளைக்கு ஒரு டேப் என்ற எண்ணிக்கை முறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது, எண்ணை யார் எப்போது வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

யாருக்கு எது

கோவையில் வார்ப்பிரும்பு பம்ப் பாடிக்கு எம்8, எம்10 என்று நாள் முழுக்க மரை போடுபவர் ஒவ்வொரு மெஷினுக்கும் வயர்லெஸ் ஹோல்டர் வாங்கத் தேவையில்லை. வார்ப்பிரும்பில் சில்லு பொடியாக உதிரும், டேப் ஒடிவதைவிடத் தேய்வதுதான் அதிகம். லேசரும் ஒழுங்கான எண்ணிக்கையும் போதும். ஓசூர், அம்பத்தூர் பக்கம் ஸ்டீல், அலுமினிய ஆட்டோ பாகங்களில் எம்6 குருட்டுத் துளைகள் நிறைய உள்ளவர் ஒரே ஒரு டார்க் ஹோல்டர் வாங்கி மெஷின் மெஷினாக எடுத்துப் போகட்டும். புது டேப், பாதி தேய்ந்த டேப், தேய்ந்த டேப் என்று ஒவ்வொன்றுக்கும் கோட்டைப் பதிந்து, எத்தனையாவது துளையில் மேடு ஏறுகிறது என்று பார்த்து, டேப் மாற்றும் எண்ணிக்கையை அதிலிருந்து எடுக்கலாம். அப்புறம் ஹோல்டர் அடுத்த மெஷினுக்குப் போகட்டும். எம்12-க்கு மேல் போடும் மெஷின்களில் அதே பதிவை ஸ்பிண்டில் லோடோடு ஒட்டிப் பார்த்து லோட் வரம்பையும் வைத்துவிடலாம்.

டைட்டானியம், இன்கோனெல் ஜாபில் மட்டும் என் கணக்கு மாறும். ஒரு துளை போனால் ஜாபே போகிற இடத்தில் ஹோல்டரை நிரந்தரமாகவே மெஷினில் வையுங்கள். ஒரே மூச்சில் அடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஏறும் பெக் முறையில் டேப் போட்டால், நிறுத்தவும் முடிவெடுக்கவும் ஒரு கணம் ஒவ்வொரு பெக்குக்கும் நடுவில் கிடைக்கும்.