என் பிக்கப்பின் கியர்பொக்ஸை முழுதாகத் திறந்து செய்ததாகச் சொல்லி ஒரு கராஜில் 2,900 டொலர் வாங்கினார்கள். கியர்பொக்ஸின் அடித்தட்டான ஒயில் பானைக்கூடக் கழற்றவில்லை.

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கராஜின் பெயரைப் போடவில்லை. தனியாகக் கேட்டாலும் சொல்லப் போவதில்லை. அவர்கள் என்னை ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும். அந்த விதம் ஒரு கராஜோடு நிற்பதில்லை.

என் வண்டி 2001ஆம் ஆண்டுடையது. டைல் பதிப்பது என் தொழில், ஆகவே பின்னால் எப்போதும் பாரம் இருக்கும். 240,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. உள்ளே இருப்பது 4ஆர்70டபிள்யூ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். இருபது வருசம் பாரம் இழுத்த கியர்பொக்ஸ் தேய்வதில் அதிசயம் ஒன்றும் இல்லை. போன மாரியில் ஒரு நாள் காலையில், சிக்னலில் இருந்து எடுத்துக்கொண்டு போகும்போது பின்னால் யாரோ இடித்ததுபோல ஓர் அடி. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை. அடுத்த சிக்னலிலும் அதே அடி. முதலாம் கியரில் இருந்து இரண்டாம் கியருக்குப் போகும்போது மட்டும்தான். அதற்கு மேல் மூன்று, நான்கு எல்லாம் மாறுவதே தெரியாது.

இந்த "மட்டும்" என்ற சொல்லை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும்.

தெரிந்த ஒருவர் மூலம் அந்தக் கராஜுக்குப் போனேன். எங்கள் ஆட்கள். தேத்தண்ணி எல்லாம் தந்தார்கள். முதலாளி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "கொம்பியூட்டர் போட்டுப் பாத்தாச்சு தம்பி, சொலனாய்ட் போயிட்டுது" என்றார். சொலனாய்ட் என்றால் கியர்பொக்ஸுக்குள் எண்ணெயைக் கட்டுப்படுத்தும் மின்வால்வு. எவ்வளவு முடியும், எஸ்டிமேட் எழுதித் தாறீங்களா அண்ணை என்று கேட்டேன். "எங்களுக்குள்ள என்ன எஸ்டிமேட்? காசாத் தாங்கோ, எச்எஸ்டி இல்லாமச் செய்து தாறன்." 13 வீத விற்பனை வரி மிச்சம் என்று நானும் தலையை ஆட்டினேன். அதுதான் என் பங்குப் பிழை, அதை மறைக்கவில்லை. முதலில் சொன்ன தொகை 550.

மூன்றாம் நாள் போன் வந்தது. "இறக்கிப் பாத்தன் தம்பி, உள்ளுக்கு எல்லாம் எரிஞ்சு போச்சு. முழுசாத் திறந்து செய்ய வேணும். அப்பிடியே மூடித் தா எண்டாத் தாறன், ஆனா ரோட்டில நிண்டா என்னைக் கேக்கப்படாது." திங்கட்கிழமை ஒரு வீட்டுக் குளியலறை தொடங்க வேண்டும், வண்டி இல்லாமல் நான் என்ன செய்வது? எல்லாமாக 2,900 என்று முடிந்தது. வேலை நடக்கும்போது பார்க்கலாமா என்றேன். இன்சூரன்ஸ்காரன் ஆட்களை உள்ளே விடக்கூடாது என்கிறானாம். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டதாம்.

வண்டியை எடுத்தபோது குனிந்து பார்த்தேன். கியர்பொக்ஸின் வெளிப்புறம் பளபளவென்று இருந்தது, எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது. தெருமுனை தாண்டவில்லை, அதே அடி.

"புதுப் பாட்ஸ் தம்பி, ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், இளகிடும்." ஆயிரம் ஓடினேன். பிறகு அது இரண்டாயிரம் ஆனது. பிறகு போனை எடுப்பதே நின்றுவிட்டது.

கோடையில் என் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். பார இயந்திரங்கள் திருத்துகிறவன். வண்டியை ஒருமுறை ஓட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "அத்தான், ஓவர்டிரைவ் ஓஃப் விளக்கு எப்பவாவது மின்னினதா?" இல்லை. இந்த வண்டியில் கியர்பொக்ஸின் மின்பக்கம் ஏதாவது கெட்டு கொம்பியூட்டருக்குத் தெரிந்தால் அந்த விளக்கு மின்னத் தொடங்கும். "அப்ப அவர் கொம்பியூட்டரில எதைப் பாத்தவர்?"

பிறகு அவன் விளக்கினான். எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலனாய்டுக்கு மின்சாரம் போகாவிட்டால் அழுத்தம் உச்சத்துக்கு ஏறும். அப்போது எல்லாக் கியர் மாற்றமும் அடிக்கும். ஒரே ஒரு மாற்றம் மட்டும் அடித்தால் அந்த மாற்றத்துக்கென்று இருக்கும் சாமானைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்றில் இருந்து இரண்டுக்கு அது அக்யுமுலேட்டர்: ஒரு குழிக்குள் ஒரு பிஸ்டன், மேலும் கீழும் ஸ்பிரிங். கிளச்சை இறுக்கப் பாயும் எண்ணெயில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும், கிளச் மெதுவாகப் பிடிக்கும். பிஸ்டன் வெடித்தாலோ ஸ்பிரிங் முறிந்தாலோ அந்த மெத்தை போய்விடும், எண்ணெய் முழுக்க ஒரேயடியாகக் கிளச்சில் விழும். அதுதான் அந்த அடி. இந்த ரகக் கியர்பொக்ஸில் இது தெரிந்தவர்களுக்குப் பழைய கதையாம். முழுப் பெட்டியையும் இறக்கத் தேவையில்லை, ஒயில் பானைக் கழற்றினால் கைக்கு எட்டும்.

அடுத்த சனிக்கிழமை டிரைவ்வேயில் வேலை தொடங்கினோம். சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே பழைய பிளைவுட் விரித்தோம். ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகாதீர்கள். பானில் வடிக்கிற போல்ட் கிடையாது, ஆகவே ஒரு மூலையைச் சரித்துத்தான் ஊற்ற வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் முழங்கை வரை ஒயில். வந்த ஒயில் கறுப்பு. போன மாரியில்தான் புதுசாக ஊற்றினதாகச் சொன்ன ஒயில். பில்டர் மண்ணிறமாகிப் போயிருந்தது. பானுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு விரல் தடிப்புக்கு.

அந்தச் சேற்றுக்குள் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு கிடந்தது. நான் ஏதோ உடைந்த சாமான் என்று பயந்தேன். மச்சான் அதைத் துணியால் துடைத்து உள்ளங்கையில் வைத்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

அது ஓர் அடைப்பான். தொழிற்சாலையில் கியர்பொக்ஸைப் பூட்டி அனுப்பும்போது, தூசி போகாமல் இருக்க, ஒயில் அளவுகோலின் குழாய் வரும் ஓட்டையில் இதைச் செருகி விடுவார்கள். வண்டியில் ஏற்றிக் குழாயைத் தள்ளும்போது அது உள்ளே விழும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பானின் அடியில் கிடக்கும், முதல்முறை பானைக் கழற்றுகிறவர் எடுத்து எறியும் வரை. என் கியர்பொக்ஸில் அது இன்னும் கிடக்கிறது என்றால், 2001இல் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்து அந்தப் பானை ஒருவருமே கழற்றவில்லை. முழுசாகத் திறந்து செய்தார்களாம்! பிரஷர் வாஷ் பிடித்ததுதான் நடந்த ஒரே வேலை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்யுமுலேட்டரின் மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வளையத்தை நெம்பி எடுத்தோம். ஸ்பிரிங் தள்ளும், முகத்தை நேரே வைக்காதீர்கள். பிஸ்டனின் விளிம்பில் வெடிப்பு, ஒரு ஸ்பிரிங் இரண்டு துண்டு. புதுப் பிஸ்டன், ஸ்பிரிங், பில்டர், காஸ்கட், மேர்கொன் வி ஒயில் எல்லாமாக 190 டொலர் வந்தது. பழைய பில்டரின் ரப்பர் வளையம் ஓட்டைக்குள்ளேயே ஒட்டி நின்றுவிடும், அதையும் எடுத்துவிட்டுத்தான் புதுசைத் தள்ள வேண்டும். பானின் போல்ட்களைக் குறுக்கு மறுக்காக, மிதமாக இறுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் பான் வளைந்து ஒழுகும். ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய், பார்க்கில் சூடாக ஓடும்போது அளவு பார்க்க வேண்டும். அன்று பின்னேரம் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் இருந்து இரண்டுக்கு மாறினது ஆர்பிஎம் முள் இறங்கினதால்தான் தெரிந்தது.

சட்டத்தைப் பிறகுதான் வாசித்தேன். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கராஜ் எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும். நாங்கள் வேண்டாம் என்று சொன்னால், ஆகக்கூடியது இவ்வளவு என்று நாங்கள் ஒப்புக்கொண்ட தொகையைத் தாண்டக் கூடாது. எஸ்டிமேட் தந்தால் கடைசி பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் போகக் கூடாது. பழைய சாமான்களைத் திருப்பித் தர வேண்டும். வேண்டாம் என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தாலோ, வாரண்டியில் மாற்றியதாக இருந்தாலோ தரத் தேவையில்லை. புதிதாகப் போட்ட சாமானுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி உண்டு. நான் ஓடின இரண்டாயிரம் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. "இளகிடும்" என்று இழுத்தடித்தது நாள் கணக்கைக் கழிக்கத்தான் என்று இப்போது படுகிறது.

பானுக்குள் கிடந்த எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். இந்த முறை தேத்தண்ணி இல்லை. "ரசீது இருக்கா தம்பி?" என்றார். இல்லை, நீங்கள்தானே தரவில்லை என்றேன். ஆனால் அவரோடு போனில் குறுஞ்செய்தியாகப் பேசியது இருந்தது, 2,900 என்று அவரே எழுதியிருந்தார், வங்கியில் அந்த நாள் காசு எடுத்த கணக்கும் இருந்தது. அதையும் காட்டினேன். கொஞ்ச நேரம் போட்டோவை விரலால் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "ஐநூறு தாறன், முடிச்சுக்கொள்ளுவம். வரேக்க அந்த மஞ்சள் துண்டையும் கொண்டு வாங்கோ."

நான் போகவில்லை. சிறு வழக்கு மன்றத்துக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். துண்டு ஒரு சின்னப் போத்தலுக்குள், என் மேசையில் இருக்கிறது.