வயர் உரிக்க எது நல்லது: ஸ்க்ரூ வைத்ததா, துளை வைத்ததா, ஆட்டோமேட்டிக்கா?

எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்த அண்ணன் வயரை உரிப்பது பல்லால்தான். ஒரு கடி, ஒரு இழுப்பு, தோல் தனியாக வந்துவிடும். "ஸ்ட்ரிப்பர் இல்லையாண்ணே?" என்று வயர் உரிக்கும் கருவியைக் கேட்டேன். "இருக்கு தம்பி. பையில தேடி எடுக்கறதுக்குள்ள நாலு பாயிண்ட் முடிச்சிருவேன்" என்றார். அவருடைய முன்பல் ஒன்றில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. 1.5 ஸ்கொயர் எம்.எம். வயருக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்.

அந்த வித்தையை ரோபோவுக்குள் ஓடும் 26 கேஜ் வயரில் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லிசு) காட்டினால் தோலோடு செம்பும் வந்துவிடும். நான் இரண்டு பக்கமும் கை வைக்கிற ஆள். வீட்டு சுவிட்ச் போர்டும் பார்ப்பேன், போட்டிக்குப் போகும் மாணவர்களின் ரோபோக்களுக்கு வயரும் இழுப்பேன். இரண்டுக்கும் ஒரே ஸ்ட்ரிப்பர் போதும் என்று நினைத்து, கடைசியில் மூன்று வாங்கினேன்.

முதலில் வாங்கியது எந்த ஹார்ட்வேர் கடையிலும் தொங்கும் சாதா ஸ்ட்ரிப்பர். மல்டிடெக், தபாரியா என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். வாயில் 'வி' வடிவ வெட்டு. அது எவ்வளவு மூட வேண்டும் என்பதை ஒரு ஸ்க்ரூ தீர்மானிக்கும். 90 மீட்டர் சுருள் ஒன்றைப் பிரித்து நாள் முழுக்க ஒரே அளவு வயரை உரிப்பவருக்கு இது போதும். காலையில் ஒருமுறை செட் செய்தால் சாயங்காலம் வரை கவலையில்லை. அளவு மாற மாறத்தான் தொல்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு துண்டு வயரில் பார்த்து, திரும்ப முடுக்க வேண்டும். மெல்லிய வயரில் கால் திருப்பு கூடிப்போனாலும் இழை அறுந்துவிடும்.

நானும் அப்படித்தான் மாட்டினேன். போட்டி நடக்கும் இடத்தில் எங்கள் லைன் ஃபாலோயர், அதாவது தரையில் போட்ட கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடும் ரோபோ, இரண்டாவது சுற்றில் நின்ற இடத்திலேயே வட்டமடிக்க ஆரம்பித்தது. பையன்கள் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருந்தார்கள். இடது மோட்டார் வயரை லேசாகத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. ஏழு இழை வயர் அது. நான் உரித்தபோதே மூன்று போயிருக்கிறது, மிச்சம் நான்கும் மோட்டார் அதிர்வில் ஒவ்வொன்றாக விட்டிருக்கின்றன. அன்றிலிருந்து உரித்து முடித்ததும் ஸ்ட்ரிப்பரின் வாயைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தலைமுடி மாதிரி செம்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி உரிப்பேன்.

அப்புறம் வாங்கியதுதான் வரிசையாகத் துளை வைத்த ஸ்ட்ரிப்பர். ஒவ்வொரு துளையும் ஒரு கேஜுக்கு. ரோபோ வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான். 20 முதல் 30 கேஜ் வரை உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். ஹாக்கோ கம்பெனியின் சிறிய மாடல் அந்த ரகம். சிலவற்றில் ஒரே துளைக்கு ஒரு பக்கம் 20, மறுபக்கம் 22 என்று இரண்டு எண் இருக்கும். குழம்ப வேண்டாம்: முதல் எண் ஒற்றைக் கம்பிக்கு, இரண்டாவது பல இழை வயருக்கு. இழைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால், அதே கேஜில் பல இழை வயர் கொஞ்சம் பருமனாக இருக்கும்.

இன்னொரு சிக்கல், நம் ஊர் வீட்டு வயர் ஸ்கொயர் எம்.எம். கணக்கு, ஸ்ட்ரிப்பரில் இருப்பதோ அமெரிக்கக் கேஜ். 16 கேஜ் என்பது 1.31 ஸ்கொயர் எம்.எம். மட்டுமே. 1.5 வயரை 16 துளையில் கொடுத்தால் செம்பில் கீறல் விழும், 14-இல் கொடுங்கள். 14 கேஜ் 2.08 என்பதால் 2.5 வயருக்கு 12. சந்தேகம் வந்தால் பெரிய துளையிலிருந்து சின்னதுக்கு இறங்கி வாருங்கள். அழுத்தியதும் ஸ்ட்ரிப்பரைச் சுற்றாதீர்கள், நேராக இழுங்கள். சுற்றினால் செம்பைச் சுற்றி ஒரு வளையக் கீறல் விழும். பிறகு வயர் ஒடிவது அந்த இடத்தில்தான்.

மூன்றாவது ஆட்டோமேட்டிக். கைப்பிடியை அழுத்தினால் ஒரு ஜோடி தாடை வயரைப் பிடித்துக்கொள்ளும், பிளேடு தோலை வெட்டித் தள்ளிவிடும். பார்க்கவே ஆசையாக இருக்கும். உள்ளே நகரும் ஒரு ஸ்டாப்பர் இருக்கிறது. அதை 10 மில்லிமீட்டரில் வைத்தால் நூறு வயரும் 10 மில்லிமீட்டர்தான். கன்ட்ரோல் பேனலில் ஃபெரூல் (வயர் முனையில் மாட்டி நசுக்கும் சின்ன உலோகக் குழாய்) போடுபவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் 0.2 முதல் 6 ஸ்கொயர் எம்.எம். வரை என்று போட்டிருக்கும். 0.2 என்பது கிட்டத்தட்ட 24 கேஜ். சென்சாருக்குப் போகும் 26, 28 எல்லாம் அந்த எல்லைக்கு வெளியே. ஸ்க்ரூவைத் திருகி எப்படியோ உரித்துவிடலாம்தான், ஆனால் நான்கில் ஒன்று வழுக்கும், ஒன்று அறும். க்னிபெக்ஸ் கம்பெனியில் 0.03-இலிருந்து தொடங்கும் மாடல் உண்டு. விலையைக் கேட்டதும் பழைய துளை ஸ்ட்ரிப்பர் மேலேயே பாசம் வந்துவிட்டது.

மெல்லிய வயரை விட்டாலும், தோல் எதனால் ஆனது என்பது பாக்கி இருக்கிறது. பிவிசி என்றால் மூன்றும் ஓகே. ரோபோக்களில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் வரும் சிலிகான் வயரில் ஆட்டோமேட்டிக் தடுமாறும். தோல் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும், பாதி வெட்டுப்பட்டுப் பிய்ந்து வரும். 14 கேஜ் சிலிகான் வயருக்குள் 0.08 மில்லிமீட்டர் இழைகள் 400 இருக்கும், பிளேடு ஆழமாக இறங்கினால் கொத்தாகப் போய்விடும். இங்கேயும் துளைதான் எனக்குச் சரிப்பட்டது. டெஃப்லான் வயர் இதற்கு நேர்மாறு, கடினம், வழுக்கல். கூர் மழுங்காத பிளேடு வேண்டும். சால்டரிங் அயர்னால் சுட்டு உரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதா? ரோபோ என்றால் மெல்லிய துளை ஸ்ட்ரிப்பர். வீட்டு வேலை மட்டும் என்றால் ஸ்க்ரூ வைத்ததே போதும், மிச்சப் பணத்துக்கு நல்ல டெஸ்டர் வாங்குங்கள். ஆட்டோமேட்டிக், ஒரே நாளில் ஐம்பது முனை உரிக்கிறவர்களுக்கு.

என் ஆட்டோமேட்டிக்கை ஒரு நாள் அந்த அண்ணனிடம் கொடுத்தேன். வீட்டுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸில் எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) மாற்ற வந்திருந்தார். மெயினை இறக்கிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வயர்களை சடசடவென்று உரித்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அடுத்து சுவிட்ச் பெட்டி. சுவருக்குள் இரண்டு விரல் நீளத்துக்குத்தான் வயர் இருந்தது, ஸ்ட்ரிப்பரின் தலை உள்ளே நுழையவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தார், பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து வாயைத் திறந்தார்.